தொழில் என்ற கட்டம்

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் அன்னம்மாளுக்குக் கேட்டது. கேட்டும் தலையைத் தூக்கவில்லை. இடது கையில் பழைய பாவின் இழை, வலது கையில் புதுப் பாவின் இழை, இழை வழுக்காமலிருக்கக் கட்டைவிரல் நுனியில் தொட்ட சாம்பல். இரண்டு இழையையும் சேர்த்து ஒரு முறுக்கு, மடக்கி இன்னொரு முறுக்கு, விட்டால் அடுத்த இழை. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், ஒரு பாவில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழைகள் இருக்கும். ஒன்றை விட்டுவிட்டாலும், ஒன்றை இடம் மாற்றிப் பிணைத்தாலும் சேலை முழுக்க ஒரு கோடு ஓடும். அந்தச் சேலையை எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான். அதனால் ஒரு பிடி இழையைக் கையில் எடுத்தால் அந்தப் பிடி முடிகிறவரைக்கும் எழுந்திருப்பது, திரும்பிப் பார்ப்பது, பதில் சொல்வது எதுவும் அவளிடம் கிடையாது. மகன் கிறிஸ்டோபர் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட செய்தியைச் சொல்ல ஓடிவந்தவனைக்கூட வாசலில் நிற்க வைத்தவள் என்று சின்ன காஞ்சிபுரத்தில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது பாதிப் பொய். அன்றைக்கு நாலைந்து இழைதான் பாக்கி இருந்தது.

“அன்னம்மாள் அம்மா இருக்காங்களா?” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

தறிக்காரர் கோதண்டபாணி வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். “இருக்காங்க சார். கொஞ்சம் நில்லுங்க, பிடி முடியட்டும். இப்ப கூப்ட்டா அவங்க திரும்பவும் மாட்டாங்க, எனக்குத்தான் திட்டு விழும்.”

வந்தவர் நெசவாளர் நல ஆபீஸில் அதிகாரியாக இருக்கும் வெங்கடேசன். கூரத்துக்காரர், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, சுபாவத்தில் நல்ல மனுஷர். கால் மணி நேரம் அவர் தறிக் குழிக்குப் பக்கத்தில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அன்னம்மாள் அவசரப்படவில்லை. உண்மையைச் சொன்னால், கடைசி முப்பது இழையை வழக்கத்தைவிட நிதானமாகவே பிணைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆபீஸ் வாசலில் நின்றவளுக்கு அந்த ஆபீஸ் தன் பக்கத்தில் கால் மணி நேரம் நிற்பதைக் கொஞ்சம் அனுபவிக்க உரிமை உண்டு என்று அவளுக்குத் தோன்றியது.

பிடியை முடித்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“வணக்கம்மா. நான் வெங்கடேசன்.”

“தெரியாமயா சார். போன திங்கக்கிழமகூட என் மனுவ வாங்கிக்கினு சீல் குத்துனீங்களே.”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கையிலிருந்த பழுப்பு உறையை இரண்டு கையாலும் நீட்டினார். “மாநிலத்தோட மிக உயர்ந்த விருதும்மா. வாழ்நாள் முழுக்கப் பொதுச்சேவை செஞ்சவங்களுக்குக் குடுக்கறது. இதுக்கு மேல குடுக்கறதுக்கு அரசாங்கத்துக்கிட்ட விருதே கிடையாது. இந்த வருஷம் ஒரே ஒருத்தருக்குத்தான். அது நீங்க.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகிப் போன கலெக்டர், போகும்போது யாரிடமும் சொல்லாமல் அவள் பெயரை எழுதி அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் திங்கட்கிழமை தோறும் புங்க மரத்தடியில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதப் பயப்படுகிறவர்களுக்கும் மனு எழுதிக்கொடுக்கிற பெண்பிள்ளையை அவர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். ரேஷன் கார்டு, சுடுகாட்டுப் பாதை, முசரவாக்கத்துக்கு நின்றுபோன பஸ், பள்ளிக்கூடத்துக் கக்கூஸ், செத்துப்போனதாகப் பதிவாகிவிட்ட உயிருள்ள கிழவர்கள் என்று அவள் கையெழுத்தில் அந்த ஆபீஸுக்குள் போகாத விஷயம் இல்லை. எழுதியதற்கு ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அவள் மனுவில் ‘தாழ்மையுடன்’ இருக்காது, ‘பாதம் பணிந்து’ இருக்காது. நடந்தது இது, வேண்டியது இது, கையெழுத்து. அவ்வளவுதான்.

கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். துர்கா காபி கொண்டுவந்தாள். வெங்கடேசனுக்கு ஒன்று, அன்னம்மாளுக்கு ஒன்று, இரண்டும் டவரா டம்ளரில் பளபளவென்று. அந்த வீட்டில் அன்னம்மாளுக்குக் காபி பேப்பர் கப்பில்தான் வரும். பேப்பர் கப் வருவதற்கு முந்தின காலத்தில் அவளுக்கென்று ஒரு கண்ணாடி டம்ளர் ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். கேட்டால் கழுவுகிற வேலை மிச்சம் என்பார்கள். அவர்கள் ஜாதிக்காரியான கிருஷ்ணவேணி, கண் தெரிந்த காலத்தில் பிணைக்க வந்த நாட்களில் மட்டும் அந்த வேலை எப்படியோ மிச்சமாகவில்லை.

“ஏம்மா துர்கா,” என்றாள் அன்னம்மாள், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. “பேப்பர் கப்பு தீந்துபோச்சா?”

துர்கா உள்ளே போய்விட்டாள். கோதண்டபாணி பாவைப் பார்த்தார். அன்னம்மாள் காபியை நிதானமாகக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

வெங்கடேசன் உறைக்குள்ளிருந்து கடிதத்தையும் அதோடு இணைத்திருந்த படிவத்தையும் எடுத்துக் காட்டினார். “இந்த உறுதிமொழியில கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமக்குள்ள குடுத்துடுங்கம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

எந்தக் காகிதத்தையும் கீழேயிருந்து மேலே படிப்பது அன்னம்மாளின் வழக்கம். அரசாங்கத்துக் காகிதத்தில் மேலே இருப்பது மரியாதை, கீழே இருப்பதுதான் விஷயம் என்று அவள் அனுபவத்தில் கண்டிருக்கிறாள். மரத்தடிக்கு வருகிறவர்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுப்பாள். ஆகவே படிவத்தின் கடைசிப் பத்தியில்தான் அவள் கண் போய் நின்றது. ஒன்பதாவது பத்தி: ‘அரசுக்கு எதிராக என்னால் தொடரப்பட்ட வழக்கு எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை, இருந்திருப்பின் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.’

“இதுவும் ஃபார்மாலிட்டியா சார்?”

வெங்கடேசன் கைக்குட்டையை மறுபடி எடுத்தார். “கேஸ அப்புறம் பேசிக்கலாம்மா. மொதல்ல இத வாங்கிக்குங்க. நீங்க மேடையில நின்னு ஒரு வார்த்த கேட்டா யாரு இல்லன்னு சொல்லப் போறாங்க?”

*

வழக்கு ஏழு வருஷமாக நடக்கிறது. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு அட்டை. நெசவாளர் அடையாள அட்டை. அது இருந்தால் கண் ஆபரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவார்கள், வீட்டுத் திட்டத்தில் பெயர் வரும், வயசான காலத்தில் ஏதோ வரும். எல்லாவற்றுக்கும் மேலே, அதில் ‘நெசவாளர்’ என்று போட்டிருக்கும். அந்த அட்டை தறியில் உட்காருகிறவருக்கு உண்டு. தறி தறியாகப் போய், புதுப் பாவு வரும்போதெல்லாம் இழைக்கு இழை பிணைத்துக் கொடுத்து, ஐம்பது வயதில் கண்ணைத் தொலைக்கிற பெண்களுக்குக் கிடையாது. காஞ்சிபுரத்திலும் சுற்றுப்பட்டிலும் அப்படி நூற்று எண்பத்தாறு பேர். வழக்கில் முதல் மனுதாரர் அன்னம்மாள்.

இதில் ஒரு விஷயம் அவளுக்கும் வக்கீல் சங்கரிக்கும் மட்டும்தான் தெரியும். அதாவது, அப்படித்தான் அன்னம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கணக்கெடுக்க ஆள் வந்தபோது, கையெழுத்து அழகாக இருக்கிறது, பத்தாவது பாஸ் செய்தவள் என்று அவளைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். முசரவாக்கம் சர்ச் ஹாலில் ஒரு நாள், சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு நாள். அச்சடித்த படிவத்தில் ஒரு கட்டம்: ‘தொழில் நெசவா?’ ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். நீ நெய்யிறியாம்மா என்று கேட்டார்கள். “இல்ல சார், நான் பிணைக்கிறவ.” இந்த ஊர் வழக்கம் அது. குழியில் காலை இறக்கி, குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடிக்கிறவன்தான் ‘நெய்யறேன்’ என்பான். மற்றவர்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டால் அது திருட்டு மாதிரி. பிணைக்கிறவள் பிணைக்கிறேன் என்பாள், சாயம் போடுகிறவர் சாயம் போடுகிறேன் என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. அன்னம்மாளும் பொய் எழுதவில்லை. கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். தன்னுடைய படிவத்தையும் சேர்த்து நூற்று எண்பத்தாறு ‘இல்லை’. லகர ஐகாரம் ஒவ்வொன்றும் ஒரே அளவாக வந்ததில் அன்றைக்கு அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

தறியில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் அட்டை வந்தபோதுதான் அந்த ‘இல்லை’ செய்த வேலை தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை முதல் மனுவை எழுதினாள். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. மறு திங்கட்கிழமை இன்னொன்று. வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற கிழவிக்கு ஒன்று எழுதிக்கொடுத்தாள், அதற்குப் பக்கத்தில் நின்றவருக்கு ஒன்று. ஊருக்குச் செய்த சேவை என்று விருது கொடுக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் அப்படி ஆரம்பித்ததுதான். மற்றவர்களுடைய மனுக்கள் பாதிக்குப் பாதியாவது பலித்தன. தன் கையால் கெட்டது மட்டும் சரியாகவில்லை. கோர்ட்டில் எதிர்த்தரப்பு அந்த நூற்று எண்பத்தாறு படிவத்தையும் கட்டாகத் தாக்கல் செய்திருக்கிறது. மனுதாரர்களே தாங்கள் நெசவாளர் இல்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று வாதம். சங்கரியின் ஆபீஸில் அந்த நகல்களைப் பார்த்த அன்றைக்கு அன்னம்மாள் தன் கையெழுத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் ஒருத்தியிடமும் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சங்கரியிடம் போனில் ஒன்பதாவது பத்தியைப் படித்துக் காட்டினாள்.

“உங்க பேர மட்டும் எடுத்துட்டு மத்தவங்க நடத்தலாம் ஆன்ட்டி. சட்டப்படி முடியும்,” என்றாள் சங்கரி. “ஆனா மொதல் மனுதாரரே வாபஸ் வாங்கிட்டாங்க, பெரிய விருது வாங்கிட்டாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. நம்மகிட்ட ஏற்கெனவே கையில காகிதம் இல்ல. அந்த ஃபாரத்துக்கு எதிரா நிக்கறதுக்கு ஒரே ஒரு காகிதம் இருந்தா போதும். அதுதான் இல்ல. முடிவு உங்களோடது.”

*

புதன்கிழமை கிருஷ்ணவேணி வீட்டுக்குப் போனாள். அவளும் பிணைக்கிறவள்தான், அன்னம்மாளைவிட நாலு வயசு மூத்தவள். இரண்டு பேரும் ஒரே தறியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பிணைக்க ஆரம்பித்தபோது இரண்டு பேருக்கும் கல்யாணமாகவில்லை. இப்போது கிருஷ்ணவேணிக்கு வலது கண் சுத்தமாகப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லையும் விடவில்லை.

“வாங்கிக்கோடி,” என்றாள் கிருஷ்ணவேணி. “எங்களுக்கோசரம் எதுக்கு உட்டுக் குடுக்குற? நம்மள்ல ஒருத்தியாவது அந்த மேடையில போயி நிக்கட்டும்.”

“நம்மள்லன்னா யாருக்கா? அங்க நிக்கறவ யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவாங்க?”

“யாரா இருந்தா இன்னா. என் கண்ணு இனிமே அட்ட வந்தா மட்டும் தெரிஞ்சுடப் போவுதா?”

இதைக் கேட்டதும் அன்னம்மாளால் இவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்ததை வைத்திருக்க முடியவில்லை. “அந்த ஃபாரத்துல இல்லைன்னு எழுதனது நான்தான்கா. உனக்கும் நான்தான் எழுதனேன். கோர்ட்டுல அதத்தான் வச்சுக்கினு நம்மள அடிக்கிறாங்க. உன் கண்ண நான்தான் கெடுத்தேன்.”

கிருஷ்ணவேணியின் விரல் அரிசியில் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

“தெரியும். நான் பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்தேன். இல்லைன்னு சொன்னது என் வாயி. உன் பேனா இன்னா பண்ணும்?”

“நான் படிச்சவ. எனக்குத் தோணியிருக்கணும்.”

“தோணல. அன்னைக்கு ஒருத்திக்கும் தோணல. நெய்யறேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது. என் ஊட்டுக்காரரு குழியில உக்காந்துக்கினு இருக்கறப்ப நான் போயி அந்த வார்த்தய எப்பிடிச் சொல்லுவேன்?” ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் வீசினாள். அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. “இதுக்கோசரமா இத்தினி வருசம் திங்கக்கிழம திங்கக்கிழம வெயில்ல போயி உக்காந்துக்கினு இருந்த? ஒரு நாளு என்கிட்ட வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. லூசு.”

அன்னம்மாள் சிரித்தாள். அழுதுகொண்டும் இருந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒருத்தியிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு திரிந்ததை எதிரில் இருந்தவள் முறத்திலிருந்து கல்லோடு கல்லாகப் பொறுக்கித் தூர வீசிவிட்டாள். ஆனால் கண் கண்தான். அது திரும்ப வராது. விருது அதற்கு ஈடும் ஆகாது, பரிகாரமும் ஆகாது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், கேட்கிறவளுக்கு மாலை போட்டு உட்கார வைக்கிறார்கள். கோபம் வரவேண்டிய இடத்தில் இத்தனை நாள் குற்றவுணர்ச்சி உட்கார்ந்திருந்தது. அது எழுந்து போனதும் கோபம் ஜம்மென்று வந்து உட்கார்ந்துகொண்டது. முசரவாக்கம் ஸ்டாப்பில் இறங்கும்போது அவளுக்கு நடை கொஞ்சம் வேகமாகவே இருந்தது.

*

கிறிஸ்டோபர் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருக்கிறான். கடைக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் மெஷின். ஊரில் காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் மெஷினில்தான் பிறக்கும். அம்மாவின் சம்மதத்தைக் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பத்தடிக்கு ஆறடி அளவில் ஒரு ஃப்ளெக்ஸை அடித்துச் சுருட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்கு முன்னால் தெருவில் விரித்தான். நாலு மூலையிலும் செங்கல் வைத்தான். பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள்.

அவன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து அன்னம்மாளை மட்டும் தனியாக வெட்டி எடுத்திருந்தான். பின்னால் கோபுரம், புறா, சூரியன். வழக்கமாக அவன் கட்சிக்காரர்களுக்குப் போடுகிற சூரியக் கதிர்தான். தன் முகம் தன்னைவிடப் பெரிதாகத் தெருவில் கிடப்பதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணை எழுத்துக்குத் திருப்பினாள். முதல் வரி ஒன்றரை அடி உயரத்தில் சிவப்பில் இருந்தது.

‘மூத்த பட்டு நெசவாளரும் சமூக சேவகியுமான திருமதி அன்னம்மாள் அவர்களுக்கு’

“டேய்,” என்றாள். “இது யாரு எழுதனது?”

“ஒரு எழுத்துகூட நான் சேக்கலம்மா. லெட்டர்ல இருந்தத அப்பிடியே டைப் பண்ணேன்.”

“லெட்டர எடுத்துக்கினு வா.”

அவன் எடுத்துவந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்னம்மாள் ஒரு அரசாங்கக் காகிதத்தை மேலேயிருந்து படித்தாள். அரசு முத்திரை, தேதி, எண். அதற்குக் கீழே முதல் வரி. மூத்த பட்டு நெசவாளர். கடைசியில் தலைமைச் செயலாளரின் கையெழுத்து, பச்சை மையில். கடிதம் மூன்று நாளாக அவள் பெட்டியில் துணிக்கடியில் இருந்திருக்கிறது. ஒன்பதாவது பத்தியையே கரையானாக அரித்துக்கொண்டிருந்தவள், மேலே இருப்பது வெறும் மரியாதை என்று தாண்டிப் போயிருக்கிறாள். கோர்ட்டில் நெசவாளர் இல்லை என்று ஏழு வருஷமாகச் சொல்கிற அதே அரசாங்கம், பாராட்டுகிற மிதப்பில், முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஜீப்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அவள் நெசவாளர் என்றால் அதே வேலை செய்கிற மற்றவர்களும் நெசவாளர்தான்.

செங்கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் விருது கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“கிறிஸ்டோபர், இத நூத்தி எம்பத்தாறு ஜெராக்ஸ் போடணும். ஒரிஜினல் நாளைக்குக் காலையில சங்கரி கைக்குப் போவணும்.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கியது. “கோர்ட்டுல குடுத்தா அப்பால விருது?”

“அது வராது.”

“ஊருக்கெல்லாம் எழுதன. நான் ஸ்கூல்ல சேர்றப்ப ஃபாரத்துல கையெழுத்துப் போட நீ இல்ல, மரத்தடியில இருந்த. நான் ஒரு நாளும் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவ நான் பெரும பட்டுக்கறதுக்கு ஒண்ணு வந்துது, அதையும் தூக்கிக் குடுத்துடுவியா?”

அது நியாயமான கேள்விதான். அன்னம்மாளுக்கு அது எங்கே போய்த் தைக்கவேண்டுமோ அங்கே தைத்தது. “நீ கேக்கறது சரிதான்,” என்றாள். “உனக்கு நான் கடன்பட்டவதான். ஆனா அந்த மேடையில நான் நெசவாளர்னு நிப்பேன், கிருஷ்ணவேணி ஊட்டுல கண்ணு தெரியாம ஒண்ணும் இல்லாதவளா உக்காந்துக்கினு இருப்பா. அந்தப் போட்டோவ நீயே உன் கடையில மாட்டி வச்சுக்குவியாடா?”

கிறிஸ்டோபர் செங்கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினான். ஃப்ளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

*

வெள்ளிக்கிழமை அதே வீடு. பக்கத்துத் தறியில் அடுத்த பாவு. வெங்கடேசன் இந்தத் தடவை யாரும் சொல்லாமலே நின்று காத்திருந்தார். பிடி முடிந்ததும் அன்னம்மாள் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் படித்தார். பெயர், வயது, முகவரி. தொழில் என்ற கட்டத்தில் ‘பட்டு நெசவு’ என்று அழகாக எழுதியிருந்தது. ஒன்பதாவது பத்தியின்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. பக்கத்தில் வழக்கு எண், வருஷம், ‘நிலுவையில் உள்ளது, தொடர்ந்து நடத்துவேன்’. கீழே கையெழுத்து.

“அம்மா, இத மேல அனுப்ப முடியாது.”

“முடியாதுன்னு எழுதிக் குடுங்க சார். காரணத்தோட.”

வெங்கடேசன் கோதண்டபாணியை ஒரு தடவை பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “இன்னொரு விஷயம். அந்த லெட்டர்ல ஒரு சின்னத் திருத்தம் இருக்குதாம். திரும்ப வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

“இன்னா திருத்தம்?”

அவர் கைக்குட்டையைத் தேடினார். மறுபடி கேட்டாள், சத்தமாக. உள்ளேயிருந்து துர்காவும் வந்து கதவோரம் நின்றாள்.

“மொதல் வரியில… நெசவாளர்னு தவறுதலா வந்துடுச்சாம்.”

நாலு தறியும் நின்றிருந்தன. கோதண்டபாணி அவளுக்காக ஏதாவது சொல்வார் என்று அன்னம்மாள் ஒரு நிமிஷம் எதிர்பார்த்தாள் என்பது உண்மை. அவர் பாதி பிணைத்த பாவின்மேல் பார்வையை வைத்துக்கொண்டு நின்றார். அது அவ்வளவுதான் என்று அவளுக்குப் புரிந்தது, பெரிதாக வருத்தமும் வரவில்லை.

“லெட்டர் என்கிட்ட இல்ல சார்.”

வெங்கடேசன் நெற்றியைத் தடவினார். உண்மையிலேயே அவளுக்காக யோசித்துத்தான் சொன்னார்: “சரிம்மா. தொலஞ்சுபோச்சுன்னு நீங்க சொன்னதா எழுதிக்கிறேன். உங்களுக்கும் வம்பு இல்ல, எனக்கும் வம்பு இல்ல.”

“தொலஞ்சுபோச்சுன்னு எழுதாதீங்க. தரமாட்டேன்னு சொன்னாங்கன்னு எழுதுங்க.”

சாம்பலைத் தொட்டுக்கொண்டு அடுத்த பிடியை எடுத்தாள். ஜீப் எப்போது கிளம்பியது என்று அவள் கவனிக்கவில்லை.

*

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நூற்று எண்பத்தாறு பேரும் வரவில்லை. முப்பது நாற்பது பேர் செத்துப்போயிருந்தார்கள், சிலர் படுக்கையில், சிலருக்கு வீட்டில் பயம். நூற்றுப் பத்து பேருக்குமேல் வந்தார்கள். முசரவாக்கத்திலிருந்து வந்தவர்கள், கூரத்திலிருந்து வந்தவர்கள், சின்ன காஞ்சிபுரத்துப் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு மனு, அதன் பின்னால் குத்தி இணைத்த ஜெராக்ஸ். இருக்கிற இடத்திலேயே நிற்கத் தெரியாமல் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். மரத்தடியில் வழக்கம்போல உட்கார்ந்திருந்த இரண்டு பேர், இன்றைக்கு எழுதித்தர மாட்டாளா என்று அன்னம்மாளைப் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுங்க என்று கையைக் காட்டினாள்.

வரிசையில் முதல் ஆள் கிருஷ்ணவேணி. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கவுன்ட்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டு அன்னம்மாள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஜீவிதா என்கிற பெண் புதிதாக வேலைக்கு வந்தவள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“பேரு?”

“கிருஷ்ணவேணி.”

“ஊரு?”

“சின்ன காஞ்சிபுரம்.”

“தொழில்?”

கிருஷ்ணவேணி வாயைத் திறந்தாள், மூடினாள். அன்னம்மாளுக்கு நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் எழுதப்போவதில்லை, அவள் சொல்லவும் போவதில்லை.

“தொழில் என்னம்மா? வீட்டுலதான் இருக்கீங்களா?” அந்தப் பெண்ணின் விரல் ஏதோ ஒரு பொத்தான்மேல் போய் நின்றது.

“இல்ல,” என்றாள் கிருஷ்ணவேணி. “நெய்யறேன்.”

பொத்தான்கள் தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்த சின்ன மெஷின் நடுங்கி, ரசீதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. அதுவரைக்கும் கவுன்ட்டர் மேடைமேல் கிருஷ்ணவேணியின் வலது கை சும்மா இருக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசி, ஒரு முறுக்கு, மடக்கி இன்னொரு முறுக்கு என்று, இல்லாத இழை ஒன்றைப் பிணைத்துக்கொண்டிருந்தன. அவளுக்குப் பின்னால் நின்ற கூரத்துக்காரி மனுவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.